வீடு போன பிறகு ஜெயிச்சு என்ன பயன்? ஸ்பெயினின் முகமது அசீஸ் வழக்கு

இந்த எபிசோட்ல ஒரு வீட்டுக் கடன் வழக்கோட வரலாறு. நடந்த இடம் ஸ்பெயின்ல இருக்கிற மார்த்தொரெல். பார்சிலோனாவுக்குப் பக்கத்துல, சியாட் கார் தொழிற்சாலை இருக்கிற ஊர். அங்கே முகமது அசீஸ்னு மொராக்கோவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி. 2003-லிருந்து அவருக்கு அங்கே சொந்த வீடு இருந்தது. 2007 ஜூலை 19-ம் தேதி அந்த வீட்டை அடமானமா வெச்சு ஒரு சேமிப்பு வங்கியில 1,38,000 யூரோ கடன் வாங்கினார். 33 வருஷத்துல, மாதத் தவணையா கட்டி முடிக்கணும். கணக்குப் போட்டா 396 இஎம்ஐ.

2008 மே வரைக்கும் ஒழுங்கா கட்டினார். ஜூன்ல நின்னுபோச்சு. அதே வருஷம் அக்டோபர் 28-ம் தேதி வங்கி ஒரு நோட்டரிகிட்ட போய், இவர் எவ்வளவு பாக்கின்னு சான்று வாங்கியது. நடுவுல முழுசா ஐந்து மாதம்கூட ஆகலை. அந்தச் சான்றில் இருந்த தொகை 1,39,764.76 யூரோ. அதாவது அவர் வாங்கினதைவிட அதிகம். மீதி இருக்கிற முப்பத்திச் சொச்சம் வருஷத்துக்கான அசலும் அன்றைக்கே வந்து சேர்ந்தாச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு, லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இந்த மனிதரோட கடன் பத்திரத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. ஸ்பெயினோட ஜப்திச் சட்டத்தையே அது மாத்த வெச்சது. இந்த வழக்கில் அசீஸ் எழுப்பிய கேள்வி, 'நான் கடனைக் கட்டணுமா வேண்டாமா' என்பதே இல்லை. 'இந்த ஒப்பந்தம் நியாயமில்லைன்னு எனக்குத் தோணினா, அதை நான் எந்த இடத்துல, எப்போ சொல்லணும்?' அதுதான் கேள்வி. அதுக்கு ஸ்பெயின் சட்டத்துல உருப்படியான பதில் இல்லை.

பத்திரத்தில் இருந்த மூணு ஷரத்து

வீட்டுக் கடன் பத்திரத்தை முழுசா படிச்சவங்க நம்மில் எத்தனை பேர்? பொதுவா வட்டி எவ்வளவு, மாசம் எவ்வளவு, இந்த ரெண்டைத்தான் பார்ப்போம். அசீஸ் வழக்கில் விவகாரம் ஆனது அந்த ரெண்டும் இல்லை.

முதலாவது, அபராத வட்டி. தவணை தவறினா அந்தத் தொகைக்கு வருஷத்துக்கு 18.75% வட்டி. யாரும் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை, தானா ஏறிடும்.

ரெண்டாவது, முழுக் கடனையும் ஒரே நேரத்தில் கேட்கும் உரிமை. அசலிலோ வட்டியிலோ எந்தப் பகுதி பாக்கி விழுந்தாலும், 33 வருஷக் கடன் மொத்தத்தையும் இப்பவே கட்டுன்னு வங்கி சொல்லலாம்.

மூணாவது, கணக்குச் சொல்லும் உரிமை. பாக்கி எவ்வளவு என்பதை வங்கியே கணக்குப் போட்டு ஒரு சான்றோட நேரா ஜப்தி நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்குப் போட்டு, சாட்சி சொல்லி, கடனை நிரூபிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை.

இந்த மூணையும் தனித்தனியா பார்த்தா, 'எல்லா வங்கியும் இப்படித்தானே எழுதுது'ன்னு தோணும். ஆனா மூணும் ஒரே வரிசையில் வேலை செய்யும்போது என்ன ஆகுதுன்னு பாருங்க. கொஞ்சம் பாக்கி விழுது. பாக்கி முழுக் கடனா மாறுது. முழுக் கடன் எவ்வளவுன்னு வங்கியே சொல்லுது. அடுத்தது ஏலம்.

எல்லாரும் ஏன் கடன் வாங்கினாங்க?

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில், 1957-ல் ஸ்பெயினில் வீட்டு வசதிக்குன்னு ஒரு அமைச்சகம் தொடங்கினாங்க. அதன் முதல் அமைச்சர் ஹோசே லூயிஸ் அர்ரெசே. பாட்டாளிகள் நாடா இல்லாம வீட்டுச் சொந்தக்காரர்கள் நாடா ஸ்பெயின் ஆகணும் என்பது அவரோட பேர்போன கருத்து. கடன் இருக்கிறவன் வேலைநிறுத்தம் பண்ண மாட்டான் என்ற அரசியல் கணக்கும் அதுக்குள்ள இருந்தது. சர்வாதிகாரம் போச்சு, ஜனநாயகம் வந்தது. ஆனா 'வாடகை குடுக்கிறது காசை ஆத்துல போடுற மாதிரி' என்ற எண்ணம் போகலை. வாடகை வீடுகளும் குறைஞ்சுகிட்டே வந்தது.

1999-ல் யூரோ வந்தது. வட்டி இறங்கியது. சேமிப்பு வங்கிகள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. வீட்டு விலை ஏறிகிட்டே இருக்கும், இறங்கவே இறங்காதுன்னு எல்லாரும் நம்பின காலம். புதுசா வந்த தொழிலாளர்களுக்கும் கடன் தாராளமா கிடைத்தது. பெரும்பாலான கடன்கள் மாறும் வட்டிக் கடன்கள். ஐரோப்பிய வங்கிகள் ஒருத்தருக்கொருத்தர் கடன் கொடுக்கிற வட்டி விகிதமான யூரிபோரைப் பொறுத்து இஎம்ஐ ஏறும், இறங்கும்.

2008 ஜூலையில் ஒரு வருஷ யூரிபோர் 5.39 சதவீதத்தைத் தொட்டது. அந்த யூரோ விகிதத்தோட வரலாற்று உச்சம் அது. அதே சமயம் கட்டுமானத் தொழில் படுத்துவிட்டது. 2007-ல் 8 சதவீதத்தை ஒட்டி இருந்த வேலையில்லாத் திண்டாட்டம் 2013 தொடக்கத்தில் 26 சதவீதத்தையும் தாண்டியது. நாலு பேரில் ஒருத்தருக்கு வேலை இல்லை. இஎம்ஐ கட்ட முடியாமல் போனவங்க எல்லாரும் ஏமாத்துக்காரங்க இல்லை என்பது இந்த எண்களிலேயே தெரியும்.

சாவியைக் கொடுத்தாலும் கடன் போகாது

'கட்ட முடியலைன்னா வீட்டை வங்கிகிட்ட விட்டுட்டு வெளியே வந்துட வேண்டியதுதானே?' இப்படிக் கேட்கத் தோணும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் அது நடக்கும். ஸ்பெயினில் நடக்காது.

காரணம் 1889-ல் எழுதின சிவில் சட்டத்தோட 1911-வது பிரிவு. அது சொல்வது இதுதான்: கடனாளி தன்னுடைய இப்போதைய சொத்துக்கள், இனி வரப்போகும் சொத்துக்கள் அனைத்தையும் கொண்டு தன் கடமைக்குப் பொறுப்பு. 'இனி வரப்போகும்' என்ற வார்த்தையில்தான் கத்தி இருக்கு.

ஒரு உதாரணக் கணக்கு. வீட்டின் மதிப்பு 2,00,000 யூரோ, பாக்கி 1,60,000 யூரோன்னு வெச்சுக்குங்க. ஏலத்துக்கு யாரும் வரலை. அப்போதைய விதிப்படி வங்கியே பாதி மதிப்புக்கு, அதாவது 1,00,000 யூரோவுக்கு வீட்டை எடுத்துக்கலாம். மீதி 60,000 யூரோவும் அதுக்கான வட்டியும் உங்க தலை மேலேயே இருக்கும். வீடு போச்சு, கடன் போகலை. வேறு ஊருக்குப் போய் வேலை கிடைச்சாலும் சம்பளத்தில் ஒரு பகுதி ஜப்தி ஆகலாம். 2011-ல்தான் அந்தப் பாதியை 60 சதவீதமா ஏத்தினாங்க.

அசீஸுக்கும் இதே பாதைதான். 2009 மார்ச்சில் வங்கி மார்த்தொரெல் நீதிமன்றத்துக்குப் போனது. அவர் ஆஜராகலை. 2010 ஜூலை 20-ம் தேதி ஏலம். ஒருத்தரும் விலை கேட்கலை. பாதி மதிப்புக்கு வீடு கைமாறியது. 2011 ஜனவரி 20-ம் தேதி வீட்டை ஒப்படைக்கணும்னு நாள் குறிச்சாங்க.

ரெண்டு நீதிமன்றம், நடுவுல ஒரு சுவர்

அந்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னாடி, 2011 ஜனவரி 11-ம் தேதி, அசீஸ் வேற ஒரு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பார்சிலோனாவின் 3-ம் எண் வணிக நீதிமன்றம். அவருடைய வழக்கறிஞர் தியோனிசியோ மொரேனோ. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வங்கியே கணக்குச் சொல்லி ஜப்திக்குப் போகலாம் என்கிற ஷரத்து நியாயமற்றது, அதை ரத்து செய்யணும்.

ஏன் வேற நீதிமன்றம்? மார்த்தொரெல் நீதிபதிகிட்டேயே சொல்லியிருக்கலாமே? சொல்ல முடியாது. அடமான ஜப்தியில் கடனாளி என்னென்ன காரணம் சொல்லித் தடுக்கலாம் என்பதை ஸ்பெயினோட சிவில் நடைமுறைச் சட்டம் விரல்விட்டு எண்ணி வெச்சிருந்தது. கடன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று காட்டலாம். கூட்டல் கழித்தலில் பிழைன்னு காட்டலாம். இப்படி ஒரு சில காரணங்கள்தான். 'ஒப்பந்தமே அநியாயம்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்தி நீதிபதி அதைக் காது கொடுத்துக் கேட்கவே சட்டத்தில் இடமில்லை.

சரி, வேற நீதிமன்றத்துக்குப் போனா? அங்கே கேட்பாங்க. ஷரத்து அநியாயம்னு தீர்ப்பும் சொல்லலாம். ஆனா அந்த நீதிபதிக்கு ஏலத்தை நிறுத்தி வைக்கிற அதிகாரம் கிடையாது. அவர் தீர்ப்பு எழுதி முடிக்கிறதுக்குள் வீடு வித்துப் போயிருக்கும். ஜெயிச்சா நஷ்ட ஈடு, அதாவது பணம் கிடைக்கும். வீடு கிடைக்காது.

வீட்டைக் காப்பாத்தக்கூடிய நீதிபதிக்குக் காது இல்லை. காது இருக்கிற நீதிபதிக்குக் கை இல்லை. ஸ்பெயினில் பல லட்சம் அடமானங்கள் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நின்னுகிட்டிருந்தது.

வங்கிகள் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது, அதையும் சொல்லணும். அடமானத்தை வேகமா வசூலிக்க முடிஞ்சாத்தான் வட்டி குறைவா இருக்கும், சாதாரண சம்பளக்காரங்களுக்கும் கடன் கிடைக்கும். ஒவ்வொரு ஜப்தியும் வருஷக்கணக்கா இழுத்தா அந்தச் செலவை ஒழுங்கா கட்டுறவங்கதான் சுமக்கணும். இது பொய்யான வாதம் இல்லை. ஆனா வேகம் ஒரு தரப்புக்கு மட்டும் வேலை செய்யுதா என்பதைத்தான் அந்த வணிக நீதிமன்ற நீதிபதி கவனித்தார். அவர் பெயர் ஹோசே மரியா ஃபெர்னாந்தெஸ் செய்ஹோ.

என்சைக்ளோபீடியா காட்டிய வழி

1993 ஏப்ரல் 5-ம் தேதி ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரு உத்தரவு போட்டாங்க. எண் 93/13. நுகர்வோர் ஒப்பந்தங்களில் இருக்கிற நியாயமற்ற ஷரத்துகள் பற்றியது. பேரம் பேச வாய்ப்பே கொடுக்காம, ஒரு தரப்பு அச்சடிச்சு நீட்டிய ஷரத்து, நல்லெண்ணத்துக்கு மாறா நுகர்வோரைக் கணிசமா பாதிச்சா, அது அவரைக் கட்டுப்படுத்தாது. உறுப்பு நாடுகள் எல்லாம் இதைத் தங்கள் சட்டத்தில் கொண்டுவரணும்.

இந்த உத்தரவுக்கு முதல் உயிர் கொடுத்ததும் பார்சிலோனாதான். அங்கே சிலர் தவணை முறையில் என்சைக்ளோபீடியா வாங்கினாங்க. தவணை நின்னதும் விற்பனைக் கம்பெனிகள் பார்சிலோனா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. வாங்கினவங்க யாரும் அந்த நகரத்தில் இல்லை. எந்த வழக்கானாலும் பார்சிலோனாவில்தான் நடக்கணும்னு பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. உள்ளூர் நீதிபதி லக்சம்பர்க்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார்: நுகர்வோர் கேட்காவிட்டாலும் நானே இந்த ஷரத்தை அநியாயம்னு சொல்லலாமா? 2000 ஜூன் 27-ம் தேதி பதில் வந்தது: சொல்லலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது ஒரு முக்கியமான கதவு. எந்த உறுப்பு நாட்டிலும், எவ்வளவு சின்ன நீதிமன்றமா இருந்தாலும், 'எங்க நாட்டுச் சட்டம் ஐரோப்பியச் சட்டத்தோட ஒத்துப்போகுதா'ன்னு அந்த நீதிபதி நேரடியா லக்சம்பர்க்கைக் கேட்கலாம். மேல் நீதிமன்றத்தோட அனுமதி வேண்டாம்.

அந்தக் கதவு ஏன் தேவைப்பட்டதுன்னா, உள்ளூர்க் கதவு மூடியே இருந்தது. சபாதெல் என்ற ஊரின் ஒரு நீதிபதி இதே ஜப்தி முறை அரசியலமைப்புக்கு விரோதமான்னு ஸ்பெயினோட அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கேட்டார். 2011 ஜூலையில் அது அந்தக் கேள்வியை ஏற்க மறுத்தது. அதே ஜூலையில் செய்ஹோ, அசீஸ் வழக்கின் கேள்வியை லக்சம்பர்க்குக்கு அனுப்பினார். இரண்டு கேள்வி அனுப்பினார்: இப்படி ஒரு ஜப்தி முறை நுகர்வோர் பாதுகாப்புக்கு இடைஞ்சலா இல்லையா? அந்த ஷரத்துகளை எந்த அளவுகோலில் நியாயமற்றதுன்னு நான் முடிவு செய்யணும்?

அதுவரை தெருவில்

நீதிமன்றக் காகிதம் லக்சம்பர்க் போய் வர்ற காலத்துல வெளியே என்ன நடந்தது?

2009 பிப்ரவரியில் பார்சிலோனாவில் 'அடமானத்தால் பாதிக்கப்பட்டோர் மேடை'ன்னு ஒரு அமைப்பு தொடங்கியிருந்தது. அதை ஆரம்பிச்சவங்களில் ஒருத்தர் அதா கொலாவ். வாரா வாரம் கூட்டம் நடக்கும். வர்றவங்க முதல்ல தன் கதையைச் சொல்லணும். தப்பு என்னுடையதுதான்னு கூனிக் குறுகி வந்தவங்களுக்கு, பக்கத்து நாற்காலியில் இருக்கிறவர் கையிலும் அதே மாதிரி பத்திரம் இருக்குன்னு தெரிஞ்சதுதான் பெரிய மாற்றம். 2010 நவம்பரில் லா பிஸ்பால் தெல் பெனெதெஸ் என்ற சின்ன ஊரில் ஒரு வீட்டு வாசலில் கூட்டமா நின்னு முதல் முறையா ஒரு வெளியேற்றத்தைத் தடுத்தாங்க.

2012 நவம்பரில் பாஸ்க் பகுதியின் பராகால்தோ ஊரில், வீட்டைக் காலி செய்ய வைக்க நீதிமன்ற ஊழியர்கள் வந்தபோது 53 வயதுப் பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். நாடே உலுக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், மிகவும் நலிந்த குடும்பங்களை இரண்டு வருஷத்துக்கு வெளியேற்றக் கூடாதுன்னு அரசு அவசரச் சட்டம் போட்டது. அந்த மேடையும் தோழமை அமைப்புகளும் 14 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்த்து, வீட்டைக் கொடுத்தால் கடன் தீரணும் என்ற மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனாங்க. 2013 பிப்ரவரியில் அதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டாங்க.

லக்சம்பர்க் தீர்ப்பு வந்தது இந்தச் சூழ்நிலையில்தான்.

2013 மார்ச் 14

அட்வகேட் ஜெனரல் யூலியானே கோகோட் 2012 நவம்பரிலேயே அசீஸுக்குச் சாதகமா கருத்துச் சொல்லியிருந்தார். 2013 மார்ச் 14-ம் தேதி நீதிமன்றமும் அதே பக்கம் நின்றது.

தீர்ப்பின் முக்கியப் பகுதியை நம்ம பேச்சில் சொன்னா இப்படி: வீடு விற்றுப்போன பிறகு நுகர்வோருக்குப் பணமா மட்டும் நிவாரணம் கிடைக்கும்னா, அந்தப் பாதுகாப்பு அரைகுறையானது, போதாதது. அது குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால் இன்னும் அதிகமாகவே. ஏன்னா, வீட்டை நிரந்தரமா இழப்பதை அது தடுக்கலை. வங்கி ஜப்தியைத் தொடங்கினாலே போதும், நுகர்வோரோட உரிமை காணாம போயிடும்னா, அப்படிப்பட்ட சட்டம் ஐரோப்பிய உத்தரவுக்கு எதிரானது. ஷரத்து நியாயமானதான்னு விசாரிக்கிற நீதிபதிக்கு ஜப்தியை நிறுத்தி வைக்கிற அதிகாரம் இருந்தே ஆகணும்.

அளவுகோல் பற்றிய கேள்விக்கும் பதில் வந்தது. எது நியாயமற்ற ஷரத்து? நீதிமன்றம் சொன்ன சோதனை ரொம்ப எளிமையானது. இந்த ஷரத்தைத் தனியா எடுத்து, நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருந்தா, அந்த நுகர்வோர் இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பார்னு ஒரு நேர்மையான வியாபாரி நியாயமா எதிர்பார்க்க முடியுமா? முடியாதுன்னா சந்தேகப்படணும். முழுக் கடனையும் உடனே கேட்கிற ஷரத்துக்கு, கடனோட காலம், தொகை இதோட ஒப்பிட்டா அந்தத் தவறுதல் போதுமான அளவு பெரிசான்னு பார்க்கணும். 33 வருஷக் கடனுக்கு ஒரு அளவு, 3 வருஷக் கடனுக்கு வேறு அளவு. அபராத வட்டிக்கு, சட்டம் சொல்ற வட்டியோட ஒப்பிட்டுப் பார்க்கணும்.

கவனிங்க. கடனைக் கட்ட வேண்டாம்னு தீர்ப்பில் எங்கேயும் இல்லை. வங்கி ஜப்தி செய்யக் கூடாதுன்னும் இல்லை. ஒரு கேள்விக்கு நேரமும் இடமும் கொடுன்னு மட்டும்தான் சொன்னது.

திறந்த கதவை மறுபடி சாத்தப் பார்த்தது

தீர்ப்பு வந்து இரண்டே மாதத்தில், 2013 மே 14-ம் தேதி, ஸ்பெயின் புதுச் சட்டம் கொண்டுவந்தது. 'ஷரத்து நியாயமற்றது' என்பதையும் ஜப்தியைத் தடுக்கக்கூடிய காரணங்களில் சேர்த்தாங்க. குடியிருக்கும் வீட்டுக் கடனில் அபராத வட்டி, சட்டபூர்வ வட்டியைப் போல மூணு மடங்கைத் தாண்டக் கூடாதுன்னும் வரம்பு வெச்சாங்க. ஆனா அந்த 14 லட்சம் பேர் கேட்ட முக்கியக் கோரிக்கை அதில் இல்லை.

இதுக்குப் பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு ரொம்ப முக்கியமாத் தெரியுது. உரிமையைக் காகிதத்தில் கொடுத்துட்டு, அதைப் பயன்படுத்துற இடத்தையும் நேரத்தையும் குறுக்கினாங்க.

புதுச் சட்டப்படி, கடனாளியோட ஆட்சேபம் தோற்றால் அவர் அப்பீல் போக முடியாது. ஆட்சேபம் ஜெயிச்சு ஜப்தி நின்னுபோனா வங்கி அப்பீல் போகலாம். ஒரு தம்பதி இதை எதிர்த்தாங்க. 2014 ஜூலை 17-ம் தேதி லக்சம்பர்க் அதையும் செல்லாதுன்னு சொன்னது. இரண்டு தரப்புக்கும் ஒரே ஆயுதம் இல்லாத சண்டை அது.

இன்னொன்று, ஏற்கெனவே நடந்துகிட்டிருந்த ஜப்திகளுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தாங்க. எப்போதிலிருந்து? சட்டம் அரசிதழில் வந்த மறுநாளிலிருந்து. யாருக்கும் தனியா கடிதம் கிடையாது. வீட்டை இழக்கப் போறவர் தினமும் அரசிதழ் படிப்பாரா? 2015 அக்டோபரில் அந்த ஏற்பாடும் விழுந்தது.

தரை ஷரத்து

இதே வழியில் இன்னொரு பெரிய வழக்கும் நடந்தது. மாறும் வட்டிக் கடன்னு சொல்லி வித்த பத்திரங்களில் ஒரு மூலையில் ஒரு வரி இருந்தது: யூரிபோர் எவ்வளவு இறங்கினாலும் உங்க வட்டி இந்த அளவுக்குக் கீழே போகாது. ஸ்பானிஷ் மொழியில் இதுக்குத் 'தரை ஷரத்து'ன்னே பேர். 2009-ல் யூரிபோர் தடாலடியா இறங்கினப்போ, இஎம்ஐ குறையும்னு காத்திருந்தவங்களுக்குக் குறையலை. வட்டி தரையைத் தொட்டு அங்கேயே நின்னுபோச்சு. பலருக்கும் அப்படி ஒரு வரி இருப்பதே அப்போதான் தெரிஞ்சது.

2013 மே 9-ம் தேதி ஸ்பெயினோட உச்ச நீதிமன்றம், தெளிவா விளக்காம வெச்ச தரை ஷரத்து செல்லாதுன்னு தீர்ப்புச் சொன்னது. ஆனா அன்றைய தேதிக்கு முன்னாடி வாங்கின பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டாம்னும் சேர்த்துச் சொன்னது. பொருளாதாரத்துக்குப் பெரிய அடி விழும்னு காரணம். 2016 டிசம்பர் 21-ம் தேதி லக்சம்பர்க் இந்தக் கட்டுப்பாட்டை நிராகரித்தது. ஷரத்து செல்லாதுன்னா தொடக்கத்திலிருந்தே செல்லாது, பாதியில் கோடு கிழிக்க முடியாது. அதுக்கப்புறம் வழக்குகள் வெள்ளமா வந்தன. 2017-லிருந்து மாகாணத்துக்கு ஒரு நீதிமன்றத்தை இதுக்குன்னே ஒதுக்க வேண்டிவந்தது.

ஸ்பெயினோட இது நிற்கலை. ஹங்கேரியிலும் போலந்திலும் லட்சக்கணக்கானவங்க வெளிநாட்டு நாணயக் கணக்கில், முக்கியமா சுவிஸ் ஃபிராங்கில், வீட்டுக் கடன் வாங்கியிருந்தாங்க. ஃபிராங்க் மதிப்பு ஏறினதும் கடனும் வீங்கியது. அவங்களும் அதே 1993 உத்தரவைக் கையில் எடுத்தாங்க. 2014-ல் ஹங்கேரியின் காஸ்லெர் வழக்கு, 2019-ல் போலந்தின் ஜூபாக் வழக்கு, ரெண்டும் கடன் வாங்கினவங்களுக்குப் பெரிய பலம் கொடுத்தன.

மாறியது, மாறாதது

2019-ல் ஸ்பெயின் புது வீட்டுக் கடன் சட்டம் கொண்டுவந்தது. இப்போ கடனின் முதல் பாதிக் காலத்தில் குறைந்தது 12 மாதத் தவணையோ கடன் தொகையில் 3 சதவீதமோ பாக்கி விழுந்தாத்தான் முழுக் கடனையும் கேட்கலாம். இரண்டாம் பாதியில் 15 தவணை அல்லது 7 சதவீதம். அபராத வட்டி, சாதாரண வட்டிக்கு மேல் 3 சதவீதப் புள்ளிதான். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, கடன் வாங்குறவர் தனியா நோட்டரியைச் சந்திக்கணும். அவர் ஷரத்துகளை விளக்கி, புரிஞ்சுதான்னு சோதிச்சுப் பார்ப்பார். அதுக்குக் கட்டணம் இல்லை. அசீஸ் பத்திரத்தை இந்த அளவுகோலில் வெச்சுப் பாருங்க. ஐந்து மாதத்துக்குள் முழுக் கடனையும் கேட்டது, 18.75% வட்டி போட்டது, எதுவும் நிற்காது.

அசீஸுக்கு எதிரா நின்ன கத்தலூன்யா கைஷா, 2010-ல் மூணு சேமிப்பு வங்கிகள் சேர்ந்து உருவானது. தன் கடன்களைத் தாங்க முடியாம அதுவே சரிந்து, சுமார் 1,200 கோடி யூரோ பொதுப் பணத்தில் காப்பாற்றப்பட்டது. 2014-ல் இன்னொரு பெரிய வங்கி அதை ஏலத்தில் எடுத்தது. அதா கொலாவ் 2015-ல் பார்சிலோனா மேயர் ஆனார்.

அசீஸ் பெயரில் வந்த தீர்ப்பு அவருக்குப் பின்னாடி வந்தவங்க வீட்டைக் காப்பாத்தியது. அவர் தன் வீட்டை விட்டு வெளியேறி இரண்டு வருஷம் கழிச்சுத்தான் அந்தத் தீர்ப்பே வந்தது. லக்சம்பர்க் நீதிபதிகள் எதை அரைகுறைப் பாதுகாப்புன்னு சொன்னாங்களோ, அதுக்கு அவரே சாட்சி.

1889-ல் எழுதின அந்த 1911-வது பிரிவு இன்னும் இருக்கு. வீட்டைக் கொடுத்தா கடன் தீரும் என்பது ஸ்பெயினில் இன்னும் பொது விதி ஆகலை. மிகவும் நலிந்த குடும்பங்களுக்கு, வங்கிகள் விரும்பிச் சேர்ற ஒரு நடத்தை விதித் தொகுப்பு மூலமா மட்டும் அந்த வழி இருக்கு. அந்த 14 லட்சம் கையெழுத்தோட கோரிக்கை இன்னும் பாக்கியிலதான் இருக்கு.

உங்ககிட்டயோ வீட்டுல யார்கிட்டயோ ஒரு வீட்டுக் கடன் பத்திரம் இருந்தா, வட்டி விகிதம் எழுதியிருக்கிற பக்கத்தைத் தாண்டி, தவணை தவறினா என்ன ஆகும்னு எழுதியிருக்கிற பக்கத்தையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.